சேமிக்காமல் கெட்டதும் சேமித்துக் கெட்டதும்

கடத்தூரில் என்னைக் கேபிள்காரத் தம்பி என்றுதான் சொல்வார்கள். தோளில் பை, பைக்குள் சுருட்டி வைத்த நீல ஒயர், சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர். இந்தக் கோலத்தில் போகிறவனை வேறென்ன நினைப்பார்கள்? சந்தை நாளில் வெற்றிலைக் கட்டோடு பஸ்ஸுக்கு நிற்கிற பெரியவர்கள் மறித்து, "ஏந்தம்பி, எங்கூட்டு டிவியில ரெண்டு நாளா படமே வரலியே, என்னான்னு பாக்க மாட்டியா?" என்பார்கள். ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னுடையது டிவி கேபிள் இல்லை, அலுவலகங்களில் இருக்கிற ரவுட்டர், ஸ்விட்ச் என்ற பெட்டிகளுக்கு உத்தரவு போடுகிற கேபிள் என்று. "ஸ்விட்சா? அப்ப எங்கூட்டு ஃபேன் ரெகுலேட்டரு..." என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். இப்போதெல்லாம் "ஆள் அனுப்பறேங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அனுப்பியதில்லை.

அந்த நீல ஒயர்தான் கன்சோல் கேபிள். ஒரு முனையில் லேன் கேபிளுக்கு இருக்கிற மாதிரியே எட்டுக் கம்பி பிளக். மறுமுனையில் பழைய கம்ப்யூட்டர்களின் முதுகில் மாட்டுகிற ஒன்பது துளை பிளக். இப்போது பெரும்பாலும் யுஎஸ்பி. அலுவலகத்துக்கு வாங்குகிற புது ரவுட்டரை அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அதற்கு முகவரி எதுவும் இருக்காது. முகவரி இல்லாததை நெட்வொர்க் வழியாகத் தேடிப் போக முடியாது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பை நேராக அதன் கன்சோல் துளையில் மாட்டி, எழுத்து எழுத்தாகத் தட்டி, உன் பெயர் இது, உன் முகவரி இது என்று சொல்ல வேண்டும். இதற்கு அடிப்படையான ஆர்எஸ்-232 என்ற தரம் 1960-இல் அமெரிக்காவில் வந்தது. டெலிபிரின்டர்கள் கடகடத்துக்கொண்டிருந்த காலம். இன்றும் பல பெட்டிகளில் கன்சோலின் வேகம் நொடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்துப் பத்து பிட் ஆகும். ஆக நொடிக்கு 960 எழுத்து. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் கண்ணாடி இழை கொண்டுபோகிற பாரத்நெட் காலத்தில், ஜிகாபிட் கணக்கில் ஓடுகிற பெட்டிகூட முதல் வார்த்தையை இந்த வேகத்தில்தான் பேசத் தொடங்குகிறது.

கன்சோலுக்கு ஒரு குணம் உண்டு. நெட்வொர்க் முழுக்கப் படுத்துவிட்டாலும் அது வேலை செய்யும். என் போன்றவர்களுக்கு இது பெரிய சங்கடம். மற்ற வேலையில் ஏதாவது தப்பு நடந்தால் "லைன் ப்ராப்ளம் சார்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். கன்சோலில் லைனே கிடையாது. நானும் பெட்டியும் ஓர் ஒயரும்தான். எனவே கீழே வரும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான்.

சின்னதிலிருந்து தொடங்குகிறேன். திரையில் ஒருநாள் கேள்விக்குறியும் சதுரமும் தலைகீழ் எழுத்துமாகக் கொட்டியது. கொஞ்ச நேரம் ஆராய்ந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சுங்க சார், புதுசுதான் வாங்கணும்" என்று தீர்ப்பு எழுதினேன். கொட்டேஷனும் தயார். அந்தப் பெட்டி 115200 வேகத்தில் பேசுகிற ரகம். நான் 9600-இல் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்லவேளை, அந்த அலுவலகத்தில் பணம் ஒதுக்க மாதக்கணக்கில் ஆகும். கொட்டேஷன் மேஜை மேஜையாக நகர்வதற்குள் எனக்குப் புத்தி வந்துவிட்டது. அரசாங்கத் தாமதத்தைத் திட்டுகிறவர்களோடு அன்றிலிருந்து நான் சேர்வதில்லை.

இன்னொரு முறை, திரையில் எழுத்து அழகாக வருகிறது, நான் தட்டுவது மட்டும் போகவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, தர்மபுரிக்குப் போய் யுஎஸ்பி கீபோர்டு வாங்கி வந்து மாட்டினேன். அதிலும் போகவில்லை. கன்சோல் அமைப்பில் ஃப்ளோ கன்ட்ரோல் என்று ஒரு வரி இருக்கிறது. அதை 'ஹார்டுவேர்' என்று விட்டால், எதிர்முனை கை காட்டும் வரை நம் பக்கம் எழுத்தை அனுப்பாது. பெரும்பாலான ரவுட்டர்கள் கை காட்டுவதே இல்லை. 'நன்' என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கீபோர்டில் இப்போது என் மகள் படம் வரைகிற மென்பொருளை இயக்குகிறாள்.

கேபிளுக்குள் இருக்கிற சிப்பின் கதை கொஞ்சம் பெரியது. யுஎஸ்பி வந்த பிறகு லேப்டாப்புகளில் ஒன்பது ஊசி துளை காணாமல் போனது. கன்சோலில் தட்டப் பயன்பட்ட, விண்டோஸ் 95-லிருந்து எக்ஸ்பி வரை கூடவே வந்த ஹைப்பர் டெர்மினல் என்ற மென்பொருளையும் விஸ்டாவோடு எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் சைமன் டேதம் என்ற ஆங்கிலேயர் இலவசமாகக் கொடுக்கிற புட்டி வந்து உட்கார்ந்தது. துளை இல்லாததால் நடுவில் யுஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்று தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ, தைவானின் புரோலிஃபிக் ஆகிய இரண்டின் சிப்புகளும் நல்ல பெயர் எடுத்ததால், சந்தையில் போலிகள் குவிந்தன. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவரை அனுப்பியது. போலி சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிவிடுகிற டிரைவர். உலகம் முழுக்க மாற்றிகள் செத்தன, கூச்சல் எழுந்தது, டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். புரோலிஃபிக் வேறு வழியில் போனது. அதன் புதிய டிரைவர்கள் பழைய சிப்பையும் போலியையும் கண்டால் மஞ்சள் முக்கோணத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

இதெல்லாம் தெரிந்த ஆள்தான் நான். ஊர் ஊராகப் போய் "ஒரிஜினல் வாங்குங்க" என்று உபதேசமும் செய்வேன். எனக்கென்று வாங்கியது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில், இருப்பதிலேயே விலை குறைந்தது. கடைக்காரர் "ஒரிஜினல் மாதிரியே இருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஓர் அலுவலகத்தில் ரவுட்டர் விழுந்து இணையம் நின்றது. போய் மாட்டினால் மஞ்சள் முக்கோணம். பழைய டிரைவரை இறக்கிப் போட்டால் வேலை செய்யும். இறக்குவதற்கு இணையம் வேண்டும். இணையம் வர ரவுட்டர் எழ வேண்டும். ரவுட்டர் எழ டிரைவர் வேண்டும். செல்போனில் இறக்கலாம் என்றால் அந்தக் கட்டடத்துக்குள் சிக்னல் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் மேல் ஏறி நின்று, போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இறக்கினேன். கீழே ஓர் அம்மா இன்னொரு அம்மாவிடம், "கேபிள்காரத் தம்பி டிஷ்ஷைத் திருப்பறாரு போல" என்றது காதில் விழுந்தது. மறுக்கத் தோன்றவில்லை.

இனி வருவதை எழுதத்தான் உட்கார்ந்தேன். என் தோல்விகளில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை வெகு தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். ஒரு முறை அடிபட்டுக் கற்றுக்கொள்கிற பாடம் எதுவோ, அடுத்த முறை அதுவேதான் என்னைக் கவிழ்க்கிறது.

ரவுட்டரில் நாம் செய்கிற மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும். ஆனால் அது ஓடுகிற நினைவில்தான் இருக்கும். மின்சாரம் போனால் அழியும். நிலைக்க வேண்டுமென்றால் 'காப்பி ரன் ஸ்டார்ட்' என்று தனியாக ஓர் உத்தரவு கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதை எடுத்து, தொடக்கத்தில் படிக்கிற கோப்பில் எழுது என்று பொருள். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பகலெல்லாம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்து முடித்தேன். எல்லா கம்ப்யூட்டரிலும் இணையம் வந்தது. செயலாளர் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அந்த மகிழ்ச்சியில் அந்த ஓர் உத்தரவைக் கொடுக்க மறந்துபோனேன். மறுநாள் கடத்தூர் துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது மணியிலிருந்து மின் நிறுத்தம் என்று பேப்பரில் போட்டிருந்ததை நானும்தான் படித்தேன். மதியத்தோடு யுபிஎஸ் கைவிட்டது. சாயங்காலம் கரண்ட் வந்ததும் ரவுட்டர் பச்சைக் குழந்தையாக எழுந்து, 'தொடக்க அமைப்பு உரையாடலுக்குள் போகலாமா, வேண்டாமா' என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு நின்றது. "நேத்து ஓடுச்சே தம்பி?" என்றார் செயலாளர். பஜ்ஜி கேட்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

பாடம் கற்றேன். இனி எதைச் செய்தாலும் உடனே காப்பி ரன் ஸ்டார்ட். வரி வரியாகச் சேமித்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரல் அதைத்தான் தட்டும் என்கிற அளவுக்குப் பழகிப்போனது.

அப்போதுதான் பாஸ்வேர்டு தொலைந்த ரவுட்டர் ஒன்று வந்தது. எனக்கு முன்னால் பார்த்தவர் பாஸ்வேர்டைச் சொல்லாமல் ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். போன் எண்ணும் மாறிவிட்டது. சிஸ்கோ ரவுட்டர்களில் இதற்கு வழி இருக்கிறது. பவரை நிறுத்திப் போட்டு, முதல் ஒரு நிமிடத்துக்குள் கன்சோல் வழியாக 'பிரேக்' என்ற சமிக்ஞையை அனுப்பினால் பெட்டி பாதி விழித்த நிலையில் நிற்கும். அங்கே பதிவு எண்ணை 2102-லிருந்து 2142 ஆக மாற்றிவிட்டால், அடுத்த முறை எழும்போது சேமித்து வைத்த அமைப்பைப் படிக்காமலே எழுந்துவிடும்; பாஸ்வேர்டும் கேட்காது. உள்ளே போனதும் பழைய அமைப்பை ஓடுகிற நினைவுக்கு ஏற்றி, பாஸ்வேர்டை மட்டும் மாற்றிச் சேமித்து, எண்ணைத் திரும்ப 2102 ஆக்க வேண்டும். கைக்கு அடக்கமான வேலை, படிக்கிறபோது.

முதல் தடங்கல், என் லேப்டாப்பில் பிரேக் என்ற விசையே இல்லை. மெலிதாக இருக்கட்டும் என்று வாங்கியது; மெலிதாக்க அவர்கள் எடுத்ததில் அந்த விசையும் ஒன்று. அதையும் இதையும் சேர்த்து அழுத்தினேன். பவரை நிறுத்துவேன், போடுவேன், பியானோ வாசிப்பதுபோல் தட்டுவேன், அது பாட்டுக்கு எழுந்து பாஸ்வேர்டு கேட்கும். நிறுத்துவேன், போடுவேன். அந்த அலுவலகத்தின் உதவியாளர் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, "ஏன் தம்பி, அத ஆஃப் பண்ணித்தான் போடணும்னா நானே பண்ணியிருப்பனே, உங்கள எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்றார். நியாயமான கேள்வி. புட்டியின் தலைப்பில் வலது கிளிக் செய்தால் பிரேக் அனுப்ப ஒரு மெனு இருப்பதை அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

ஒருவழியாக 2142 போட்டு எழுப்பினேன். பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விட்டது. இந்த இடத்தில் கொடுக்க வேண்டியது 'காப்பி ஸ்டார்ட் ரன்'. பழைய அமைப்பு அப்படியே மேலே வந்திருக்கும். என் விரல்கள் தட்டியது, பக்தியோடு பழக்கப்படுத்தியிருந்தேனே, காப்பி ரன் ஸ்டார்ட். பெட்டி என்ன செய்யும்? வெறுமையாக ஓடிக்கொண்டிருந்ததை எடுத்து, ஐந்தாறு வருடமாகச் சேர்ந்த அமைப்பின் மேல் எழுதி, எல்லாம் முடிந்தது என்று பணிவாகச் சொன்னது. பாஸ்வேர்டுப் பிரச்சினை அடியோடு தீர்ந்துவிட்டது. காக்க வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை.

காப்பு இருக்கிறதா என்றால், முன்னால் இருந்தவரின் லேப்டாப்பில் இருந்திருக்கலாம். அந்த அலுவலகத்தின் எல்லாக் கிளைகளுக்கும் போன் போட்டு, என்ன முகவரி, எந்த போர்ட்டில் எந்த ஒயர் என்று கேட்டுக் கேட்டு மறுபடி கட்டினேன். முடித்துச் சேமித்தேன். 2142-ஐ 2102 ஆக மாற்றினேனா? இல்லை. அடுத்த கரண்ட் கட்டில் அதுவும் தெரிந்தது. அமைப்பு பத்திரமாக உள்ளே இருந்தது. படிக்கக் கூடாது என்று பெட்டிக்கு நானே சொல்லி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இந்த மாதிரி நாட்களுக்குப் பிறகு, நேரில் போனால்தானே வம்பு, வீட்டிலிருந்தே பார்ப்போம் என்று தோன்றியது. அரூருக்குப் பக்கத்தில் ஒரு கல்வி நிறுவனத்தின் ஸ்விட்சில் புதிதாக 40 என்ற விலேனைச் சேர்க்க வேண்டும். ஒரே கம்பியில் பல நெட்வொர்க்குகளைப் பிரித்து அனுப்புகிற ஏற்பாட்டுக்குத்தான் விலேன் என்று பெயர். அந்த உத்தரவில் 'ஆட்' என்ற சொல் வர வேண்டும். வந்தால் 'இருப்பதோடு 40-ஐயும் சேர்' என்று பொருள். விட்டுவிட்டால், '40 மட்டும் போதும், மற்றதையெல்லாம் எடு' என்று பொருள். இந்தத் தொழிலில் அந்தச் சொல்லை விடாதவர்கள் குறைவு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது எனக்கு உதவவில்லை. எடுத்தவற்றில் நான் உள்ளே நுழைந்திருந்த விலேனும் ஒன்று. காளிதாசன் உட்கார்ந்த கிளையை வெட்டிய கதைதான். அவருக்காவது பிறகு காளி வந்தாள். நான் நீலக் கேபிளை எடுத்துக்கொண்டு வண்டியில் அரூர் போனேன். போய்ப் பையைத் திறந்தால் கேபிள் இருந்தது, யுஎஸ்பி மாற்றி கடத்தூரில் மேஜை மேல் இருந்தது.

பெரிய இடத்தில் பெரிதாக நடக்கும் என்பதுதான் இதில் ஆறுதல். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஓர் உத்தரவு, அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கிற முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதையும் துண்டித்தது. தவறான உத்தரவைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாம் ஆறு மணி நேரம் போல நின்றன. அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி வழியும் செத்துப்போனதால், தரவு மையங்களுக்கு நேரில் ஆள் போக வேண்டியிருந்தது; அங்கே காவல் கடுமை என்பதால் உள்ளே நுழையவே நேரம் பிடித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் நாகரிகமானது இல்லை. அரூரில் வாட்ச்மேன் என்னை உடனே விட்டுவிட்டார்.

இதிலும் பாடம் கற்றேன். தூரத்திலிருந்து ஆபத்தான மாற்றம் செய்யும் முன், 'பத்து நிமிடத்தில் நீயாகவே மறுபடி தொடங்கு' என்று பெட்டிக்குச் சொல்லி வைக்கலாம். மாற்றம் தப்பாகி நாம் வெளியே மாட்டிக்கொண்டாலும், சேமிக்காத மாற்றம் அழிந்து பெட்டி பழையபடி எழும். மாற்றம் சரியாக அமைந்தால் அந்த உத்தரவை ரத்து செய்துவிட வேண்டும். என்ன அழகான ஏற்பாடு! அடுத்த முறை அதே இடத்தில் அப்படியே செய்தேன். மாற்றம் முதல் தடவையே சரியாக அமைந்தது. பெருமிதத்தோடு காபி போடப் போனேன். ரத்து செய்யவில்லை. சரியாகப் பத்தாவது நிமிடம் ஸ்விட்ச் படுத்து எழுந்தது. ஆன்லைன் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். முதல்வர் மேடம் போனில், "என்னங்க சார், எல்லா சிஸ்டமும் ஒரே நேரத்துல போச்சு?" என்றார். "கரண்ட் ஃபிளக்சுவேஷன் மேடம், இப்ப வந்துடும்" என்றேன். வந்துவிட்டது. அவர் பார்வையில் அன்று நான் பெரிய ஆள்.

மற்றவை சில்லறை. அமைப்பு முழுவதையும் நோட்பேடில் எழுதி வைத்து ஒரே மூச்சில் கன்சோலில் ஒட்டினால் வேலை வேகமாக முடியும் என்று நினைத்தேன். 9600-இல் பெட்டி ஒரு வரியை மென்று முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து விழ, நடுவில் சில வரிகள் காணாமல் போயின. புட்டி போன்ற இன்னொரு மென்பொருளான டெரா டெர்மில் வரிக்கு வரி இடைவெளி வைக்க வசதி இருக்கிறது. எழுத்துப் பிழையோடு ஓர் உத்தரவைத் தட்டினால், ரவுட்டர் அதை ஏதோ ஒரு கம்ப்யூட்டரின் பெயர் என்று எண்ணித் தேடப் போய்விடும். தேடி முடிக்கிற வரை நாம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். என் ஸ்பெல்லிங்குக்கு அது தந்த தண்டனை என் ஆங்கில வாத்தியார் தந்ததைவிடக் கடுமை. யுஎஸ்பி கன்சோல் துளையும் இருக்கிற பெட்டிகளில், அதில் ஒரு கம்ப்யூட்டர் மாட்டியிருந்தால் பழைய துளை நம் எழுத்தை வாங்காது. அப்படி ஒன்று வாங்காமல் அடம்பிடித்தபோது, பெட்டிகளை அடுக்கியிருக்கிற ராக்கின் பின்னால் யாரோ ஓர் ஒயரை மாட்டி மறந்துவிட்டுப் போயிருப்பதைக் கண்டு திட்டினேன். ஒயரின் மேல் லேபிள் இருந்தது, என் கையெழுத்து.

போனில் வழி சொன்ன கதை ஒன்றும் உண்டு. இணையம் வரவில்லை என்று கூப்பிட்ட அலுவலகத்துக்கு, "அந்த நீலக் கலர் துளைக்குப் பக்கத்துல இருக்குற துளையில போடுங்க மேடம்" என்றேன். சிஸ்கோ பெட்டிகளில் கன்சோல் துளைக்கு நீல அடையாளம் இருக்கும். அந்த அம்மா 'நீலக் கலர் துளை' வரைக்கும் கேட்டுக்கொண்டு அதிலேயே லேன் கேபிளை மாட்டிவிட்டார். பிளக் அச்சாகப் பொருந்துமே! "கிளிக்குனு சத்தம் வந்துச்சு சார்" என்று உறுதியும் சொன்னார். அது யார் தவறு என்று என்னிடம் கேட்டால், வேண்டாத துளையைச் சொல்லி வேண்டிய துளையைக் காட்டியவன் தவறு. இதிலும் பெரிய கம்பெனி எனக்குத் துணை. 2013-இல் வந்த சில 48 போர்ட் சிஸ்கோ ஸ்விட்சுகளில், முதல் போர்ட்டில் ரப்பர் உறை போட்ட கேபிளைச் செருகினால் அந்த உறை மேலே இருக்கிற பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும். பொத்தான் அழுந்தியிருந்தால் அமைப்பு அழிந்துவிடும். கம்பெனியே எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. ஒயர் மாட்டியதற்கே பெட்டி அழிகிறது என்றால், உத்தரவே தட்டுகிற என்னைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

கடைசியாக, ராக் வைத்திருக்கிற அலுவலகக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கன்சோல் கேபிளும் மாற்றியும் வாங்கி, ராக் கதவின் உள்பக்கம் நூலால் கட்டி வையுங்கள். வருகிற ஆள் தன்னுடையதை மறந்துதான் வருவான். அதற்கான டிரைவரை ஒரு பென்டிரைவில் போட்டுக் கூடவே தொங்க விடுங்கள். வேகம் 9600-ஆ, 115200-ஆ என்று பெட்டியின் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள். வேலை முடித்துக் கிளம்புகிறவனிடம் அமைப்பின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள், அது உங்களுடையது. பாஸ்வேர்டை மட்டும் ராக்கில் எழுதாமல், கவரில் போட்டு ஒட்டிப் பீரோவில் வையுங்கள். அவன் கிளம்பும் முன் உங்கள் கண்ணெதிரே ஒரு முறை பவரை நிறுத்திப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதுவரைக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுக்காதீர்கள்.